சி மொழியில் தேதியும் டைம்ஸ்டாம்பும்: நடுவில் ஓர் ஊர் இருக்கிறது

1723689000. லாக் ஃபைலிலோ டேட்டாபேஸிலோ இப்படிப் பத்து இலக்கத்தில் ஓர் எண் கண்ணில் பட்டால், பெரும்பாலும் அது ஒரு நேரம். 1970 ஜனவரி 1, யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் நள்ளிரவு 12 மணியிலிருந்து எத்தனை விநாடி ஓடியிருக்கிறது என்ற கணக்கு. இதைத்தான் டைம்ஸ்டாம்ப் என்கிறோம். இந்த எண்ணை இந்தியக் கடிகாரத்தில் படித்தால் 2024 ஆகஸ்ட் 15, காலை 8 மணி. லண்டனில் படித்தால் அதே நாள் அதிகாலை 3:30. நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு 10:30. எண் ஒன்றுதான், கணமும் ஒன்றுதான். தேதியும் மணியும் மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

சி மொழியில் இந்த எண்ணுக்கும் தேதிக்கும் இடையே போய்வர டைம்.ஹெச் என்ற ஹெடர் இருக்கிறது. பாயின்டரையே தாண்டி வந்தவர்கள்கூட இங்கே தடுக்கி விழுவதுண்டு. ஃபங்ஷன்கள் கடினம் என்பதால் அல்ல. எண்ணைத் தேதியாக்கினாலும் சரி, தேதியை எண்ணாக்கினாலும் சரி, "எந்த ஊர் நேரம்?" என்ற கேள்விக்கு ஒரு பதில் வேண்டும். சில ஃபங்ஷன்கள் அந்தப் பதிலை நம்மிடம் கேட்காமல் தாமாகவே எடுத்துக்கொள்கின்றன. தொல்லைகளில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகின்றன.

(ஃபங்ஷன் பெயர்களை வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். கம்பைலருக்குக் கொடுக்கும்போது வழக்கமான எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.)

இரண்டு டைப்புகள்

முதலாவது டைம்_டி. நடைமுறையில் அது ஒரு முழு எண், அவ்வளவுதான். உள்ளே ஊரும் கிடையாது, டைம்ஜோனும் கிடையாது. எண்ணிக்கையை 1970இல் தொடங்க வேண்டும் என்று சி தரநிலை எங்கும் சொல்லவில்லை. அதைச் சொல்வது போசிக்ஸ், அதாவது யூனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டங்களுக்கான தரநிலை. ஆனால் லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் 1970தான் என்பதால் நாம் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் யூனிக்ஸிலேயே இப்படி இல்லை. 1971இல் வந்த முதல் பதிப்பு, 1971 ஜனவரி 1 முதல் ஒரு விநாடியை 60ஆகப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் எண்ணினால் 32 பிட் எண் இரண்டேகால் வருஷத்தில் நிரம்பிவிடும்! அப்புறம்தான் விநாடிக் கணக்குக்கு வந்தார்கள்.

இரண்டாவது ஸ்ட்ரக்ட் டிஎம். இது மனிதர்கள் படிக்கிற வடிவம்: வருஷம், மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி எல்லாம் தனித்தனி இன்ட்டாக இருக்கும். 2024 ஆகஸ்ட் 15 காலை 8 மணியை அதில் நிரப்பினால் இப்படி வரும்:

டிஎம்_இயர் = 124
டிஎம்_மான் = 7
டிஎம்_எம்டே = 15
டிஎம்_ஹவர் = 8
டிஎம்_மின் = 0
டிஎம்_செக் = 0
டிஎம்_ஐஎஸ்டிஎஸ்டி = -1

வருஷம் 1900ஐக் கழித்து எழுதப்படுகிறது. மாதம் 0இலிருந்து தொடங்குகிறது, அதனால் ஆகஸ்ட் 7 ஆகிறது. ஆனால் நாள் மட்டும் 1இலிருந்து. ஏன் இப்படி என்று கேட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மாதப் பெயர்களை ஓர் அர்ரேயில் வைத்து எடுக்க 0 வசதி. நாளுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. வருஷத்தில் 2024 என்றே போட்டுவிட்டால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. உங்கள் புரோகிராம் 3924ஆம் வருஷத்துக்குப் போய்விடும். மாதத்தில் 8 என்று போட்டால் செப்டம்பர் வரும். இது முந்தையதைவிட மோசம், ஏனென்றால் பார்த்தவுடன் தப்பு தெரியாது.

இவை போக, கிழமைக்கு டிஎம்_டபிள்யூடே (ஞாயிறு 0), வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பதற்கு டிஎம்_ஒய்டே (ஜனவரி 1க்கு 0) இரண்டும் உண்டு. இவற்றை நாம் நிரப்ப வேண்டியதில்லை. ஏன் என்பது கீழே வரும்.

ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்போம்

உள்ளே நடப்பது என்ன என்று தெரிய, 1723689000 எப்படி வந்தது என்று ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது.

1970 ஜனவரி 1 முதல் 2024 ஜனவரி 1 வரை 54 வருஷம். 54 × 365 = 19710 நாள். இடையில் 1972 முதல் 2020 வரை லீப் வருஷங்கள் 13. ஆக 19723 நாள். 2024இல் ஜனவரி முதல் ஜூலை முடிய 213 நாள் (அதுவும் லீப் வருஷம், பிப்ரவரிக்கு 29). ஆகஸ்ட்டில் 15ஆம் தேதிக்கு முன் முடிந்தவை 14. மொத்தம் 19950 நாள். நாளுக்கு 86400 விநாடி என்றால் 1723680000. இது 15ஆம் தேதி யூடிசி நள்ளிரவு. இந்தியாவில் காலை 8 மணி என்றால் யூடிசியில் 2:30, அதாவது 9000 விநாடி. கூட்டினால் 1723689000.

கிழமையும் இதிலேயே வந்துவிடும். 1970 ஜனவரி 1 வியாழக்கிழமை. 19950ஐ 7ஆல் வகுத்தால் மீதி 0, ஆகவே 2024 ஆகஸ்ட் 15உம் வியாழன்தான்.

சரி, இவ்வளவு எளிது என்றால் நாமே ஒரு ஃபங்ஷன் எழுதிக்கொள்ளலாமே? பயிற்சிக்கு எழுதுங்கள், வேலைக்கு வேண்டாம். ஒரு காரணம் லீப் வருஷ விதி: 4ஆல் வகுபட்டால் லீப், 100ஆல் வகுபட்டால் இல்லை, 400ஆல் வகுபட்டால் மறுபடியும் லீப். 2000 லீப், 2100 இல்லை. பலர் முதல் விதியோடு நிறுத்திவிடுவார்கள், 2100 பிப்ரவரி வரை மாட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். இன்னொரு காரணம் 1970க்கு முந்தைய தேதிகள். இந்தியா விடுதலையடைந்த 1947 ஆகஸ்ட் 15 நள்ளிரவுக்கு டைம்ஸ்டாம்ப் −706339800. இதை 86400ஆல் வகுத்தால் சி மொழி பூஜ்யத்தை நோக்கி வெட்டும். ஈவு −8175, மீதி −19800 என்று வரும். 'மைனஸ் ஐந்தரை மணி' என்று ஒரு நேரம் கிடையாது. ஈவை −8176 ஆக்கி, மீதியை 66600 ஆக்க வேண்டும். அப்போதுதான் யூடிசியில் ஆகஸ்ட் 14 மாலை 6:30 என்ற சரியான விடை கிடைக்கும். விண்டோஸில் இன்னொரு பிரச்சினை: அங்கே ஜிஎம்டைம், லோக்கல்டைம் இரண்டும் 1970க்கு முந்தைய நேரத்துக்கு, எதையும் சுட்டாத 'நல்' பாயின்டரைத் திருப்பித் தந்துவிடும்.

எண்ணிலிருந்து தேதிக்கு

இதற்கு இரண்டு ஃபங்ஷன்கள். ஜிஎம்டைம் யூடிசியில் பிரித்துத் தரும். லோக்கல்டைம் அந்தக் கணினிக்கு எந்த டைம்ஜோன் அமைத்திருக்கிறதோ அதில் பிரித்துத் தரும். 1723689000ஐக் கொடுத்தால் முதலாவது 2:30 என்றும், சென்னையில் இருக்கும் ஒரு மடிக்கணினியில் இரண்டாவது 8:00 என்றும் சொல்லும்.

இங்கே ஒரு பழைய பொறி இருக்கிறது. இரண்டும் திருப்பித் தருவது ஒரு பாயின்டரை. அது காட்டும் இடம் லைப்ரரிக்குள் நிரந்தரமாக இருக்கும் ஒரே ஒரு ஸ்ட்ரக்சர். இரண்டு ஃபங்ஷன்களும் அதையே பகிர்ந்துகொள்ளலாம் என்று தரநிலை அனுமதிக்கிறது. லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி அப்படித்தான் செய்கிறது. எனவே ஜிஎம்டைம் கொடுத்ததை பி என்ற பாயின்டரிலும், லோக்கல்டைம் கொடுத்ததை கியூ என்ற பாயின்டரிலும் வைத்துக்கொண்டு, கடைசியில் இரண்டின் மணியையும் அச்சிட்டால் 2, 8 என்று வராது. 8, 8 என்றுதான் வரும். இரண்டாவது அழைப்பு முதல் விடையின் மேலேயே எழுதிவிட்டது. பல த்ரெட் ஓடும் புரோகிராமில் இதன் விளைவு கண்டுபிடிக்கவே முடியாத மாதிரி வரும்.

தீர்வு எளிது. லோக்கல்டைம்_ஆர், ஜிஎம்டைம்_ஆர் என்ற வடிவங்களைப் பயன்படுத்துங்கள். நம் ஸ்ட்ரக்சரின் முகவரியை நாமே கொடுப்போம், அதில் எழுதிவிடும். போசிக்ஸில் வெகுகாலமாக இருந்த இவை சி23 தரநிலையிலும் சேர்ந்துவிட்டன. மைக்ரோசாஃப்டில் லோக்கல்டைம்_எஸ் என்று இருக்கிறது, ஆனால் அங்கே ஆர்க்யுமென்ட் இரண்டும் இடம் மாறி வரும். எதற்காக என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

தேதியிலிருந்து எண்ணுக்கு

எம்கேடைம். ஸ்ட்ரக்ட் டிஎம்மின் முகவரியைக் கொடுத்தால் டைம்_டி தரும். நாம் கொடுத்தது உள்ளூர் நேரம் என்று அது எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு வாக்கியத்தில்தான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள்.

மேலே நிரப்பிய அதே ஸ்ட்ரக்சரைச் சென்னை மடிக்கணினியில் எம்கேடைமுக்குக் கொடுத்தால் 1723689000 வரும். அதே புரோகிராமைக் கிளவுட் சர்வரில் ஓட்டுங்கள். அத்தகைய சர்வர்களில் டைம்ஜோன் பெரும்பாலும் யூடிசியாகவே இருக்கும். அங்கே 8 மணி என்பது யூடிசி 8 மணி ஆகிவிடும், விடை 1723708800. வித்தியாசம் 19800 விநாடி, அதாவது ஐந்தரை மணி. காலை 8 மணிக்குப் போக வேண்டிய நினைவூட்டல் மதியம் 1:30க்குப் போகும். கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. 19800 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தியாவில் எழுதிய கோடில் நேரம் இந்த அளவுக்குத் தள்ளி வந்தால், யாரோ யூடிசியையும் உள்ளூர் நேரத்தையும் கலந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

கையில் இருப்பது யூடிசித் தேதி என்றால் எம்கேடைம் உதவாது. அதற்கு டைம்ஜிஎம் இருக்கிறது. லினக்ஸிலும் பிஎஸ்டி வகை யூனிக்ஸ்களிலும் ரொம்ப நாளாக உண்டு, சி23இல் தரநிலைக்கும் வந்துவிட்டது. விண்டோஸில் _எம்கேஜிஎம்டைம் என்ற பெயரில் இருக்கும். பழைய கோடுகளில், எம்கேடைம் தந்த எண்ணோடு 19800 கூட்டிச் சரிக்கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தியக் கணினியில் சரியாகவே வரும். சர்வரில் ஏற்றியதும் இன்னொரு ஐந்தரை மணி தள்ளிப்போகும்.

மாறாத ஊர் என்று ஒன்றில்லை

1970க்குப் பிறகு இந்தியாவின் நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி முன்னே என்பதிலிருந்து அசையவில்லை. அதனால் நமக்கு 19800 ஒரு மாறிலி மாதிரியே தோன்றும். பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 1996 மே மாதம் அங்கே இந்த இடைவெளியை ஐந்தரையிலிருந்து ஆறரை மணிக்கு நகர்த்தினார்கள். அதே வருஷம் அக்டோபரில் ஆறு மணிக்கு இறக்கினார்கள். 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. 2000 ஜனவரி 1, நள்ளிரவு தாண்டி 12:10க்குக் கொழும்பில் பிறந்த குழந்தையின் நேரத்தைச் சரியான டைம்ஸ்டாம்பாகச் சேமித்து வைத்து, பிறகு ஒருவர் "இலங்கைக்கு 19800" என்று கணக்குப் போட்டுக் காட்டினால், 1999 டிசம்பர் 31 இரவு 11:40 என்று வரும். பிறந்த வருஷமே மாறிப்போகும். சிங்கப்பூரும் மலேசியாவும்கூட 1982 தொடக்கத்தில் ஏழரையிலிருந்து எட்டு மணிக்கு மாறிய ஊர்கள்.

இந்த வரலாறெல்லாம் ஐயானா என்ற அமைப்பு வெளியிடும் டைம்ஜோன் டேட்டாபேஸில் பதிவாகியிருக்கிறது. ஏசியா/கொல்கத்தா, ஏசியா/கொழும்பு என்று ஊர் பெயரால் கேட்டால் அந்தந்தத் தேதிக்கு எது பொருந்துமோ அதை எடுத்துத் தரும். அதுவும் முழுக் கதையல்ல. இலங்கையில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996 மாற்றத்தை ஏற்கவே இல்லை, பழைய நேரத்திலேயே இருந்தன. டேட்டாபேஸில் இலங்கைக்கு ஒரே பதிவுதான், அது கொழும்பு.

டிஇசட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் ஊர் பெயரைப் போட்டால் லினக்ஸிலும் மேக்கிலும் லோக்கல்டைமும் எம்கேடைமும் அதைப் பின்பற்றும். ஊர் பெயருக்குப் பதில் ஐஎஸ்டி-5:30 என்றும் எழுதலாம், ஆனால் குறியைக் கவனியுங்கள். போசிக்ஸ் முறையில் 'யூடிசி வர இன்னும் எவ்வளவு கூட்ட வேண்டும்' என்றுதான் எழுதுவார்கள், எனவே கிழக்கே இருக்கும் நமக்கு மைனஸ். கூட்டல் குறி போட்டால் அமெரிக்கா பக்கம் போய்விடுவீர்கள்.

அந்த −1 எதற்கு?

டிஎம்_ஐஎஸ்டிஎஸ்டி என்பது கோடைக்கால நேரம் (சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தும் வழக்கம்) அமலில் இருக்கிறதா என்று சொல்லும் இடம். 1 என்றால் ஆம், 0 என்றால் இல்லை, மைனஸ் என்றால் "எனக்குத் தெரியாது, நீயே பார்த்துக்கொள்". இந்தியாவில் அது இல்லையே என்று விட்டுவிட்டால், ஸ்டாக்கில் கிடந்த ஏதோ ஒரு குப்பை எண் அதில் இருக்கும். அது பாசிட்டிவாக இருந்துவிட்டால் விடை ஒரு மணி நேரம் தள்ளிப்போகலாம். சில நாள் சரியாக ஓடும், சில நாள் ஓடாது. ஸ்ட்ரக்சரை முதலில் முழுக்கப் பூஜ்யமாக்கிவிட்டு, தேதியை நிரப்பி, இதில் −1 போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

−1 போட்டாலும் தீராத ஒரு சிக்கல் உண்டு, அது நம் ஊரில் வராது. நியூயார்க்கில் 2024 நவம்பர் 3 அன்று இரவு 1:30 மணி இரண்டு தடவை வந்தது. 2 மணி ஆனதும் கடிகாரத்தை மறுபடி 1 மணிக்குத் திருப்பினார்கள். முதல் 1:30 யூடிசியில் 5:30, இரண்டாவது 6:30. "1:30" என்று மட்டும் சொன்னால் எம்கேடைம் எதைத் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மார்ச் 10 அன்று இதற்கு நேர்மாறு: 2:30 மணி என்று ஒன்று வரவே இல்லை.

எம்கேடைம் செய்யும் இன்னொரு வேலை

இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எம்கேடைம் எண்ணைத் தருவதோடு நிற்காது, நாம் கொடுத்த ஸ்ட்ரக்சரையும் ஒழுங்குபடுத்தும். ஆகஸ்ட் 15இலிருந்து 90 நாள் கழித்து என்ன தேதி? டிஎம்_எம்டேயில் 15க்குப் பதில் 105 என்று போட்டு அழைத்துவிடுங்கள். திரும்பி வரும்போது நவம்பர் 13 என்று மாறியிருக்கும். கிழமையும் வருஷ நாளும் தானாக நிரம்பியிருக்கும். நாம் அவற்றில் என்ன போட்டிருந்தாலும் அது பார்க்காது. பிப்ரவரியின் கடைசி நாள் வேண்டுமா? மார்ச் மாதம், நாள் 0 என்று கொடுங்கள், லீப் கவலையை அது பார்த்துக்கொள்ளும். 90 × 86400 என்று விநாடி கூட்டுவதைவிட இது நல்லது, ஏனென்றால் கோடைக்கால நேரம் மாறும் ஊர்களில் எல்லா நாளும் 24 மணி நேரம் இருப்பதில்லை.

மாதம் கூட்டும்போது மட்டும் கவனம். ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 31 ஆகி, 2023 என்றால் மார்ச் 3, 2024 என்றால் மார்ச் 2 என்று ஒழுங்காகும். மாதத் தவணைக் கணக்கு எழுதுகிறவர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். பிப்ரவரியின் கடைசி நாளா, மார்ச்சா என்பதை நாம்தான் முடிவுசெய்து எழுத வேண்டும்.

தோல்வியடைந்தால் எம்கேடைம் −1 தரும். ஆனால் −1 ஒரு செல்லுபடியாகும் நேரமும்கூட: இந்தியக் கடிகாரத்தில் 1970 ஜனவரி 1, அதிகாலை 5:29:59. இரண்டையும் பிரித்தறிய ஒரு தந்திரம் உண்டு. அழைக்கும் முன் டிஎம்_டபிள்யூடேயில் −1 போட்டு வையுங்கள். வேலை முடிந்திருந்தால் அது 0 முதல் 6க்குள் மாறியிருக்கும். மாறாவிட்டால் நிஜமாகவே தோல்வி.

எழுத்தாக அச்சிட எஸ்டிஆர்எஃப்டைம் போதும். சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம் என்பதை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எழுத்திலிருந்து ஸ்ட்ரக்சருக்குக் கொண்டுவர எஸ்டிஆர்பிடைம் இருக்கிறது. அது போசிக்ஸ் சரக்கு, சி தரநிலையில் இல்லை, விண்டோஸ் கம்பைலரில் கிடைக்காது. அது தொடாத இடங்களில் பழைய மதிப்பே கிடக்கும் என்பதால் இங்கேயும் முதலில் பூஜ்யமாக்க வேண்டும்.

2038

டைம்_டி 32 பிட் குறியுள்ள எண்ணாக இருந்தால் அதிகபட்சம் 2147483647. அது 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8:44:07. அடுத்த விநாடி எண் சுருண்டு 1901 டிசம்பருக்குப் போய்விடும். இன்றைய 64 பிட் கணினிகளில் டைம்_டியும் 64 பிட் என்பதால் இந்தக் கவலை இல்லை. 32 பிட் லினக்ஸ் கருவிகளுக்கு 2020இல் கெர்னல் 5.6இலும், 2021இல் ஜிலிப்சி 2.34இலும் வழி செய்தார்கள், ஆனால் கம்பைல் செய்யும்போது நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். இதைவிட எனக்குப் பயம், டைம்_டியை வாங்கி இன்ட்டில் போட்டு வைக்கிற கோடு. கணினி 64 பிட்டாக இருந்தும் பயனில்லாமல் போய்விடும். டேட்டாபேஸ் டேபிளின் நெடுவரிசையில் நான்கு பைட் ஒதுக்கியிருந்தாலும் அதே கதைதான்.

லீப் விநாடியைப் பற்றி ஒரே வரி: 1972 முதல் 27 தடவை யூடிசியில் ஒரு விநாடி கூட்டியிருக்கிறார்கள், கடைசியாக 2016 டிசம்பர் 31இல். யூனிக்ஸ் டைம்ஸ்டாம்ப் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை, அதனால்தான் 86400ஆல் வகுத்து நாள் கணக்குப் போட முடிகிறது.

உங்கள் புரோகிராமைச் சோதிக்க 0, −1, 946684800 (2000 ஜனவரி 1 யூடிசி நள்ளிரவு), 1234567890 ஆகியவற்றைக் கொடுத்துப் பாருங்கள். கடைசி எண் யூடிசியில் 2009 பிப்ரவரி 13 இரவு 11:31:30, இந்தியாவில் பிப்ரவரி 14 காலை 5:01:30. தேதியே மாறுவதால் ஊர்க் குழப்பம் உடனே தெரிந்துவிடும். ஒவ்வொன்றையும் லோக்கல்டைம்_ஆர் வழியாகப் பிரித்து, எம்கேடைம் வழியாகத் திரும்பச் சேர்த்து, அதே எண் வருகிறதா என்று பாருங்கள். பிறகு டிஇசட்டை ஏசியா/கொழும்பு என்று மாற்றி ஒருமுறை, அமெரிக்கா/நியூ_யார்க் என்று மாற்றி ஒருமுறை ஓட்டுங்கள்.